அவளை ஒளித்த காலை

பிள்ளை எப்படி வளர்கிறது என்று பார்க்க கோர்ட்டு அனுப்பும் புரொபேஷன் மிஸ் வருகிறார் என்பது முதல்நாளே தெரிந்துவிட்டது. அதுதான் வினை. திடீரென்று வந்திருந்தால் மூளையைக் கசக்க நேரம் இருந்திருக்காது.

வீட்டில் மூன்று பேர். ரப்பர் பால் வெட்டும் நான், யட்டியாந்தோட்டையில் தையல் வேலை செய்யும் அவள், என்னோடு பால் வெட்டிய தாய் செத்த பிறகு கோர்ட்டில் என் பொறுப்பில் விட்ட ஏழு வயதுப் பிள்ளை. ரெண்டு பேருமே பெண்கள் என்றாலும் நானும் அவளும் கல்யாணம் கட்டியவர்கள் மாதிரித்தான் வாழ்கிறோம். சட்டத்துக்கு அது குற்றம். தோட்டத்து லயத்தில், அக்கம்பக்கத்து வீடுகளுக்கு, அவளை என் சித்தப்பா மகள் என்று சொல்லி வைத்திருந்தோம். கோர்ட்டிலோ எனக்குச் சொந்தம் யாருமே இல்லை என்று சொல்லியாகிவிட்டது. ஏதாவது ஒன்று வெளிப்பட்டால் பிள்ளையைப் பிடுங்கிவிடுவார்களோ என்ற பயம் சோறு தின்னும்போதும் விடாது.

காலையில் அவளுடைய துணிமணி, செருப்பு எல்லாவற்றையும் சாக்கில் கட்டிப் பின்னாலிருந்த ஆட்டுக் கொட்டிலில் போட்டோம். அவளும் அங்கேயே உட்கார்ந்துகொண்டாள். சித்தப்பா மகளுக்கு நல்ல மரியாதைதான். பிள்ளையிடம், "மிஸ் கேட்டா நாம ரெண்டு பேருதான்னு சொல்லணும்" என்றேன். ஏன் என்று அது கேட்கவில்லை.

மிஸ் பானை, பாய், பாடக் கொப்பி எல்லாம் பார்த்தார். பிறகு சிங்களத்தில், விடியற்காலையில் நீ ரப்பர் மலைக்குப் போனால் பிள்ளை யாரோடு இருக்கிறது என்று கேட்டார். நாங்கள் இதை யோசிக்கவே இல்லை. பிள்ளையைத் தனியே விடுகிறவள் என்றாலும் கொண்டுபோய்விடுவார்கள்.

என்னைவிட நல்ல சிங்களத்தில் பிள்ளை பதில் சொன்னது. தானே எழும்பி, தானே அடுப்பு மூட்டி, தானே தலை பின்னிப் பள்ளிக்கூடம் போகிறதாம். ஒரு முடி பிசகாத அந்த ரெட்டைச் சடையை மிஸ் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பிள்ளை என் சேலை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தது. எங்கள் பயத்தை அதற்கும் ஊட்டிவிட்டோமே என்று பட்டது.

இன்னொருவர் இருக்கிறார் என்று சொல்லி, கொட்டிலுக்குப் போய் அவளைக் கூட்டிவந்தேன். பாவாடையில் ஆட்டுப் புழுக்கை ஒட்டியிருந்தது. இவர் யார் என்று மிஸ் கேட்டார்.

"இந்தப் பிள்ளைய வளர்க்கிறவங்க மிஸ்" என்றேன்.

அடுத்த மாதம் வருவதாகவும் இரண்டு பேரும் வீட்டில் இருக்கவேண்டும் என்றும் சொல்லிவிட்டு அவர் போனார். முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை.

படி இறங்கும் சத்தம் ஓய்ந்ததும் பிள்ளை என் கையைப் பிடித்து உலுக்கியது.

"நான்தான் சரியா சொன்னேனே. நீங்க ஏன் சொல்லிட்டீங்க? இனி என்னைய கொண்டுபோயிருவாங்கதானே?"

அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். நான் கொட்டிலுக்குப் போய்ச் சாக்கை அவிழ்த்து, அவளுடைய செருப்பை எடுத்துவந்து வாசலில் வைத்தேன்.