கவ்வாத்துக்காரர் குளம்பு வெட்டிய கதை

கந்தப்பளைத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டிலிருந்து தினமும் முதல் பஸ் பிடித்து நுவரெலியாவுக்குப் போகிறவர் ஜெயகாந்தன். ஏரிக்கரையில் வெளியூர்க்காரர்களை ஏற்றிச் சுற்றிக் காட்டும் நாலு குதிரைகளுக்கு அவர்தான் தாயும் தகப்பனும். குதிரைகள் றோலண்ட் முதலாளியுடையவை. ஆனாலும் அவற்றில் பிஸ்கட் என்கிற குதிரையைப் பற்றி அவரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், பெற்ற மகளைப் பற்றிப் பேசுகிற மாதிரிதான் இருக்கும்.

பிஸ்கட், பந்தயத்தில் ஓடி ஓய்ந்த கிழட்டுப் பெண்குதிரை. ஆறு வருஷத்துக்கு முன்னால் தேயிலை மலை ஓரமாக அதையும் கூட்டிக்கொண்டு புல் அறுக்கப் போன இடத்தில் ஜெயகாந்தனைக் குளவி சூழ்ந்துகொண்டது. மலைநாட்டில் குளவி என்றால் விளையாட்டில்லை, ஆளையே கொண்டுபோய்விடும். வேறு குதிரையாக இருந்தால் கயிற்றை அறுத்துக்கொண்டு பறந்திருக்கும். பிஸ்கட்டோ அவர் தட்டுத் தடுமாறி முதுகில் விழும்வரை நின்றது. அப்புறம் ரோட்டுக்கு இறங்கி, சந்தியில் ஆட்களைக் கண்ட பிறகுதான் ஓட்டத்தை நிறுத்தியது. அதற்கும் ஒரு கண் வீங்கி மூன்று நாள் மூடியே கிடந்தது. "நா இன்னைக்கு சோறு திங்கிறேன்னா அது போட்ட பிச்ச" என்று கேட்பவரிடமெல்லாம் சொல்வார். கேட்காதவரிடமும் சொல்வார்.

அந்தக் கால்களுக்குத்தான் இப்போது வாதம் வந்துவிட்டது. முன்னங்கால் முட்டி இரண்டும் வீங்கிப்போய், காலைக் குளிரில் மரக்கட்டை மாதிரி விறைத்து நின்றது. மிருக வைத்தியர் ஜெயந்தினி வந்து பார்த்து, வலிக்குத் தூள் கொடுத்தார். "மருந்து பாதிதான் கேக்கும். மத்த பாதி குளம்புலதான் இருக்கு. முன்பக்கம் நீள விட்டா, ஒவ்வொரு எட்டுக்கும் முட்டிய இழுக்கும். அளவா வச்சிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் சொன்னது இவ்வளவுதான். நம்மாள் இதைக் கேட்டுக்கொண்ட விதம் இருக்கிறதே, அங்கேதான் வினை. குளம்பு வெட்ட வந்துகொண்டிருந்த ஆள் வெளிநாடு போய்விட்டதால் அந்த வேலையும் ஜெயகாந்தன் தலையில் விழுந்திருந்தது. குதிரை வேலைக்கு வருமுன் பதின்மூன்று வருஷம் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டியவர் அவர். தேயிலைச் செடியை மூன்று நாலு வருஷம் வளரவிட்டு, ஒரே மூச்சில் இடுப்பளவுக்குக் கீழே வெட்டித் தள்ளுகிற வேலை. வெட்டினால் மிச்சம் வைக்காமல் வெட்ட வேண்டும், அதுதான் அவர் படித்த படிப்பு. குளம்பையும் மாசக்கணக்கில் வளரவிட்டார். ஒருநாள் குதிரையின் காலை இடுப்புக்குத் தூக்கி இரண்டு தொடைக்கும் நடுவில் கவ்விக்கொண்டு, நாலு குளம்பையும் ஒரே இருப்பில் முடிக்கப் பார்த்தார். மற்ற மூன்று குதிரைகளும் பொறுத்துக்கொண்டன. பிஸ்கட்டுக்கு முடியுமா? இரண்டாவது காலிலேயே உடம்பெல்லாம் நடுங்கி அப்படியே சரிந்து விழுந்தது. அன்றிலிருந்து அவர் குனிந்தாலே காலை இழுத்துக்கொண்டது. இரண்டு கிழமையில், பதினாலே நாளில், கொட்டிலைவிட்டு வெளியே வரவே மறுத்தது.

றோலண்ட் முதலாளி கெட்டவர் இல்லை. ஆனால் கண்ணால் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் இருப்பார்?

"காந்தா, அது படுறபாட்ட என்னால பாக்க முடியல. வாற மாசக் கடைசில லொறி வருது. குடுத்துருவோம்பா."

லொறி எங்கே கொண்டுபோகும் என்று இருவருக்கும் தெரியும். அதில் ஏறிய கிழட்டுக் குதிரை எதுவும் திரும்பி வந்ததில்லை.

"அதுக்குள்ள நடக்க வச்சிட்டேன்னா?" என்று கேட்டார் ஜெயகாந்தன்.

"நடந்தா இருக்கட்டும். சவாரியே வேணாம். சும்மா நின்னு திங்கட்டும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜெயகாந்தனின் மனைவி நாகலெட்சுமி, சந்தைக்கு வந்தவள், கொட்டிலுக்கும் வந்தாள். தேயிலை பறிக்கும் கொழுந்துக்காரி. இருபத்தாறு வருஷம் மலை ஏறி இறங்கி முட்டி தேய்ந்தவள். புருஷன் குதிரைக் காலைத் தூக்குவதும், அது உதறுவதும், அவர் கெஞ்சுவதும் பார்த்து முதலில் சிரித்தாள். பிறகு அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏங்க, உங்களுக்குப் புத்தி இருக்கா? நா பஸ்ஸு ஏறயில கால எம்புட்டுத் தூக்குவேன், பாத்திருக்கீங்களா? கண்டக்டர் கையப் புடிச்சு வெடுக்குன்னு இழுத்தா உசுரு போகுது. அதோட கால இடுப்புக்குத் தூக்குறீங்களே!"

"தூக்காம எப்புடிடீ வெட்டுறது?"

"எதுக்கு வெட்டணும்? இது என்னா கவ்வாத்து மலையா, ஒரேயடியா மொட்டையடிச்சிட்டு வருஷக்கணக்கா விடுறதுக்கு? நாங்க கொழுந்து எடுக்குறது எப்புடி? ஏழு நாளைக்கு ஒருக்கா அதே மலைக்கு வந்து, வளந்தத மட்டும் கிள்ளிட்டுப் போறோம்ல? அந்த மாதிரி எடுங்க."

ஜெயகாந்தன் பிடித்திருந்த காலைக் கீழே விட்டார். பதின்மூன்று வருஷத்துப் பெருமை பொசுக்கென்று போனதே என்று மனுஷனுக்குக் கொஞ்சம் ரோஷம்கூட வந்தது. ஆனால் சொன்னது சரி என்று புரிந்துவிட்டது.

விறகிலிருந்து ஒரு சாண் உயரக் கட்டை ஒன்றைத் தேடி எடுத்தார். நாகலெட்சுமி கொழுந்துக்குப் போகும்போது இடுப்பில் கட்டும் பழைய படங்குச் சாக்கை மடித்து அதன்மேல் ஆணி அடித்தார். மறுநாளிலிருந்து தூளைக் கொடுத்து, வெயில் ஏறியபின் நாலு எட்டு நடத்தி, உடம்பு சூடானதும் ஒரே ஒரு காலைக் கட்டைமேல் வைப்பார். அரத்தால் பத்து இழுப்பு. அது காலை எடுத்துக்கொண்டால் விட்டுவிடுவார். அடுத்த நாள் அடுத்த கால். ஒரு வட்டம் முடிந்தால் திரும்ப முதல் கால். முதல் கிழமை ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது கிழமையில் பிஸ்கட் தானாகக் கொட்டிலைவிட்டு வெளியே வந்து வெயிலில் நின்றது. ஜெயகாந்தன் அரத்தைக் கீழே போட்டுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மாசக் கடைசியில் சொன்னபடி லொறி வந்தது. முதலாளி கொட்டில் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஜெயகாந்தன் கட்டையைக் கொண்டுவந்து தரையில் தொப்பென்று போட்டார். சத்தம் கேட்டதும் பிஸ்கட் மெல்ல நடந்து வந்தது. லேசாக நொண்டத்தான் செய்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் வந்து, யாரும் தொடாமலேயே, முன்னங்காலைத் தூக்கிப் படங்குமேல் வைத்தது.

"லொறிய அனுப்பிருப்பா" என்றார் றோலண்ட் முதலாளி.

ஜெயகாந்தன் அந்தக் குளம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்தே இருந்தார். "ஒன்னோட கடன இந்த ஜென்மத்துல தீக்க ஏலாது தாயி" என்றார். அப்போதுதான் அவருக்கு இன்னொருத்தியின் ஞாபகம் வந்தது.

அன்று சாயங்காலம் மலையிலிருந்து வந்த நாகலெட்சுமி, லயத்துக் காம்பரா வீட்டு வாசலில் தலைக்கூடையோடு நின்றுவிட்டாள். இத்தனை வருஷமாகச் சுவரைப் பிடித்து, பல்லைக் கடித்து அவள் ஏறிய உயரமான படிக்குக் கீழே, அளவாக வெட்டிய கட்டை ஒன்று மண்ணில் அசையாமல் பதிந்திருந்தது. உள்ளே அவர் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார்.

அவள் கட்டையில் ஒரு காலை வைத்தாள். அப்புறம் மற்றக் காலை. சுவரைப் பிடிக்கவில்லை.

"குதிரைக்கு அப்பறமாவது என் காலு ஞாபகம் வந்துச்சே" என்றாள்.

"வந்திருச்சு" என்றார் அவர், மாவிலிருந்து தலையைத் தூக்காமல்.