மேகம் தின்ற இடம்

"கேமராவுக்கு இவ்வளவு பெரிய டிஸ்க்கு வாங்கிப் போட்டும் ஒரு வாரத்துக்கு மேல பதிவு நிக்க மாட்டேங்குதுங்க அம்மிணி. மிச்ச எடமெல்லாம் எங்கதான் போச்சு?"

ஃபேக்டரி ஆபீஸ் கிளார்க் அண்ணன் இப்படிக் கேட்ட நொடியில்தான் எனக்குப் பொறி தட்டியது. பிரிண்டரில் சிக்கியிருந்த காகிதத்தை இழுத்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. ஹார்டு டிஸ்க்கில் இடம் எங்கேயும் போகாது. காணவில்லை என்றால் அங்கே எதுவோ உட்கார்ந்திருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை என்று அர்த்தம். அப்படியானால் மாமா விழுந்த அந்தச் சாயங்காலமும் அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கலாம்.

கோத்தகிரிக்குக் கீழே இருக்கும் சின்னத் தேயிலை ஃபேக்டரி அது. என் தாய்மாமன் அங்கே வாட்ச்மேன். நான் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வீட்டிலிருந்தே ஒரு கம்பெனிக்கு வேலை பார்ப்பவள். பிரிண்டர் மக்கர் செய்தால், இன்டர்நெட் போனால், ஃபேக்டரியில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எனக்கும் ஒரே ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டு வீட்டில் உட்கார முடியாது. கூப்பிட்டால் ஓடிவிடுவேன்.

மாமா கார்த்திகை பிறந்ததும் சபரிமலைக்கு மாலை போட்டார். மாலை போட்ட நாளிலிருந்து எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அவர் 'சாமி'. அம்மா தன் சொந்த அண்ணனையே "சாமி, சாப்பிட வாங்க" என்பாள். முன்பு அவர் குடித்தவர், நிறையவே குடித்தவர். அதனால் அந்தச் 'சாமி' எங்கள் வீட்டில் கொஞ்சம் சத்தமாகவே சொல்லப்பட்டது.

ஒரு நாள் சாயங்காலப் பூஜைக்காகக் கீழ்க் கேட்டுக்குப் பக்கத்துக் குழாயில் குளித்துவிட்டுத் தண்ணீர்க் குடத்தோடு திரும்பியவர், கேட்டருகே சிமெண்டுத் தரையில் விழுந்து கிடந்தார். விலாப் பக்கம் முழுக்கக் கன்றிப்போன நீலம். காட்டுமாடு முட்டியது என்றார். எங்கள் பக்கம் தேயிலைக்குள் காட்டுமாடு மேய்வது எல்லோரும் பார்ப்பதுதான். ஆனால் அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை. சிமெண்டில் குளம்புத் தடமும் இல்லை. டாக்டர், கீழே விழுந்தாலும் இப்படிக் கன்றும் என்றார். அவ்வளவு போதாதா? மாலையோடு குடித்துவிட்டு விழுந்துவிட்டான் என்று பேச்சுக் கிளம்பிவிட்டது.

"ஏன் வாட்ச்மேன், முட்டுன காட்டுமாடு குவார்ட்டரா, ஆஃபா?" என்று டீக்கடையில் ஒருத்தர் கேட்டாராம். கேலிகூட மாமாவைச் சுடவில்லை. சாமி என்று கூப்பிட்ட வாய் வாட்ச்மேன் என்று மாறியதுதான் அவரைச் சுட்டது.

கோத்தகிரி பஜாரில் தையல்கடை வைத்திருக்கும் பெரியவர்தான் இவர்கள் குழுவுக்குக் குருசாமி. இருமுடி கட்டி மலைக்கு அழைத்துப் போகிறவர். அவர் கோபப்படவில்லை. "நான் நம்பறேன் சாமி. ஆனா கூட வர்றவங்க நம்போணுமல்ல? மாலைல பேச்சு விழுந்துருச்சு. குடிக்கலைன்னு ஏதாவது ஒண்ணு காட்டுங்க, என் கையாலயே கட்டி விடறேன். இல்லாட்டி மாலையக் கழட்டிருங்க" என்றார். கேமரா இருக்கிறதே என்று மாமா ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் ஆபீஸில் கேட்டார். பழைய பதிவெல்லாம் அழிந்து அதன் மேல் புதியது ஏறிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த டிஸ்க்கைத்தான் கிளார்க் அண்ணன் இப்போது என்னிடம் நீட்டினார்.

"திங்கக்கிழமை ஓனர் வர்றாருங்க. ஒரு மாசப் பதிவு நிக்கும்னு சொல்லித்தான் அவர்கிட்ட வாங்க வெச்சேன். எடத்தை மீட்டுக் குடுத்துருங்க. வேணும்னா மொத்தமா அழிச்சுட்டே போட்டுருங்க."

"அழிக்கறதுக்கு முன்னாடி வீட்டுல வெச்சுப் பாத்துட்டுத் தர்றேண்ணா."

"பாருங்க, பாருங்க. ஆனா திங்கக்கிழமை எடம் காலியா இருக்கோணும்."

மத்தியானமே லேப்டாப்பில் மாட்டினேன். மாட்டியதும் ஒரு பெட்டி எழும்பியது. இந்த டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை, ஃபார்மேட் செய்யலாமா என்று கேட்டது. பணிவாகத்தான் கேட்டது. ஆமாம் என்று ஒரு தட்டுத் தட்டினால் கிளார்க் அண்ணன் கேட்ட காலி இடம் கிடைத்துவிடும். மாமாவின் சாயங்காலம் போய்விடும். நான் 'வேண்டாம்' என்பதன் மேல் அம்பைக் கொண்டுபோய் நிறுத்தி, அது சரியான பட்டன்தானா என்று மறுபடி மறுபடி படித்தேன்.

"ஏன் புள்ள, தட்டாம உக்காந்திருக்கே?" என்றாள் பின்னால் நின்ற அம்மா.

"குளிரும்மா."

"ஸ்வெட்டரப் போட்டுட்டுத் தட்டு."

ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு 'வேண்டாம்' தட்டினேன். டிஸ்க்கில் எதையும் எழுதாமல் படிக்க மட்டும் செய்கிற மீட்பு மென்பொருள் ஒன்றை ஓடவிட்டேன். அது மெதுவாக, ஒவ்வொரு மூலையாக முகர்ந்துகொண்டு போனது. போகப் போகத்தான் விஷயம் புரிந்தது.

கேமராக்களை மாட்டியவர் கோயம்புத்தூரிலிருந்து வந்தவர். வெயிலடிக்கும் ஒரு பிற்பகலில் வந்து, வெயில் இருக்கும்போதே மலை இறங்கிவிட்டவர். ஃபேக்டரியிலிருந்து கொழுந்துச் சாக்கு காணாமல் போகிறது என்று சொன்னதால், கீழ்க் கேட்டில் மட்டும் ஆளை அடையாளம் காணும் கேமராவைப் போட்டு, 'ஆள் வந்தால் அந்தப் பதிவை அழிக்காதே' என்று அமைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் ஊரில் அது நல்ல யோசனைதான். எங்கள் ஊரில் நாலு மணிக்கு மேகம் இறங்கும். இருட்டத் தொடங்கியதும் கேமராவில் எரியும் கண்ணுக்குத் தெரியாத விளக்கு அந்த மேகத்தில் பட்டுத் திரும்பும். வெள்ளை வெள்ளையாக உருண்டு வருவதெல்லாம் கேமராவுக்கு ஆள்.

ஆக, டிஸ்க்கின் பாதிக்கு மேல் மேகம் உட்கார்ந்திருந்தது. அடிக்கடி போய் வருகிற கரண்டில், எது எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை கெட்டுப்போயிருந்தது. அதனால் ஆபீஸ் திரையில் அது ஒன்றும் வரவில்லை. அழிக்காதே என்ற குறி மட்டும் கெடவில்லை. அதனால் அதன் மேல் எதுவும் ஏறவும் இல்லை.

எனக்கு வந்த சந்தோஷத்தில் வீட்டுக்குள்ளேயே நாலு குதி குதித்தேன். பிறகு ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க ஆரம்பித்தேன். சந்தோஷம் அதோடு நின்றது.

அந்தக் கேமரா ஆள் என்று நினைப்பதைச் சுற்றி ஒரு பச்சைக் கட்டம் போடும். மனிதர் நடந்தால் கட்டமும் கூடவே நடக்கும். நான் திறந்த பதிவுகளில் மனிதர் இல்லை. சில்வர் ஓக் மரங்கள், கம்பி வேலி, வெள்ளை. அந்த வெள்ளைக்குள் ஒரு கட்டம் எழும்பும். நெடுக, ஆள் உயரத்துக்கு. வேலியோரமாக மெதுவாக நடந்து வரும். கேட்டுக்கு முன்னால் வந்து நிற்கும். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இல்லாமல் போகும்.

அடுத்த பதிவு, அடுத்த நாள். அதே வேலி, அதே நடை, அதே இடத்தில் நிற்பது. அதற்கடுத்த நாளும்.

காரணம் எனக்குத் தெரியும். அந்தப் பள்ளத்திலிருந்து காற்று எப்போதும் ஒரே பக்கமாகத்தான் ஏறும். மேகமும் ஒரே வழியில்தான் வரும். கேட்டுக் கம்பத்தில் தட்டி நிற்கும். இதை வாய்விட்டே சொல்லிப் பார்த்தேன். சொன்ன பிறகு சத்தம் வராமல் இருக்க ஸ்பீக்கரைக் குறைத்தேன். அந்தப் பதிவில் சத்தமே கிடையாது என்பது அப்புறம்தான் உறைத்தது.

மாமா விழுந்த நாளின் பதிவு கடைசியில் துண்டுகளாகக் கிடைத்தது. ஒட்டி ஓடவிட்டேன்.

மாமா வருகிறார். கறுப்பு வேட்டி, தோளில் துண்டு, இடுப்பில் குடம். நடையில் ஒரு தள்ளாட்டம் இல்லை. கழுத்து வரை நிரம்பிய குடத்திலிருந்து ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. "பாரும்மா!" என்று கத்தினேன். அம்மா அடுப்பை அணைக்காமலேயே ஓடிவந்து திரையில் கை வைத்தாள்.

மாமாவைச் சுற்றிக் கட்டம் இருந்தது. கேட்டருகே இன்னொரு கட்டம் இருந்தது. அதற்குள் வெறும் வெள்ளை.

மாமா நின்றார். குடத்தை நிதானமாகக் கீழே வைத்தார். இரண்டு கையையும் கூப்பினார். அந்த வெள்ளையைப் பார்த்து, தெரிந்தவர்களைக் கும்பிடுவதுபோலத் தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கும்பிட்டார். இரண்டாவது கட்டம் நெருங்கி வந்தது. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. திரை முழுக்க வெள்ளையானது. துண்டு அங்கே அறுந்து, அடுத்த துண்டு தொடங்கும்போது மாமா தரையில் கிடந்தார்.

தரையில் கிடப்பவரை இந்தக் கேமராக்கள் ஆளாக எண்ணாது. அது எனக்குத் தெரிந்ததுதான். அதனால் மாமாவைச் சுற்றிக் கட்டம் இல்லை. ஆனால் அவர் தலைமாட்டில், நின்ற வாக்கில், ஒரு கட்டம் இருந்தது. அசையாமல் இருந்தது.

அம்மா கையை எடுத்துவிட்டாள். "அணைச்சுரு புள்ள" என்றாள். அடுப்பைச் சொல்கிறாளா, இதைச் சொல்கிறாளா என்று கேட்கவில்லை. இரண்டையும் அணைத்தேன்.

மறுநாள் மாமாவிடம் காட்டினேன். காட்டாமல் எப்படி இருப்பது? அவருக்காகத்தானே இவ்வளவும். ஒரு தடவை பார்த்தார். மறுபடி போடச் சொன்னார்.

"காட்டுமாடு எங்க புள்ள?"

"தெரியல மாமா. விளக்கு வெளிச்சம் மேகத்துல பட்டு எல்லாத்தையும் வெள்ளையாக்கிருச்சு. அதுக்குள்ள இருக்கலாம்."

"மூச்சு விட்டுச்சு. புஸ்ஸுன்னு. அது காட்டுமாட்டு மூச்சுதான், எனக்குத் தெரியாதா?" தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார். "ஆனா நான் கும்புட்டேனா? அது எனக்கு ஞாபகமே இல்லையே."

"சாமி சரணம்னு பயத்துல கும்புட்டிருப்பீங்க."

"இருக்கும்" என்றார். சொன்ன விதத்தில் அவர் நம்பவில்லை என்று தெரிந்தது.

தையல்கடையில் குருசாமி மிஷினை நிறுத்திவிட்டு என் போனில் அதைப் பார்த்தார். குடத்தோடு வரும் நடையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "இது குடிச்சவன் நடை இல்லீங்க. எந்தச் சபைலயும் சொல்லுவேன்" என்றார். எனக்கு அங்கேயே போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனால் அது ஓடிக்கொண்டே இருந்தது. கும்பிடும் இடம் வந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். கழுத்தில் கிடந்த மாலையை ஒரு கை தானாகப் பிடித்துக்கொண்டது.

"யாரைக் கும்பிடறார்?"

"யாருமில்லீங்க. மேகம்."

"இந்தப் பச்சைக் கோடு?"

"மேகத்தை ஆள்னு நினைச்சு மெஷின் போடறதுங்க."

"அம்மிணி, நீங்க சொல்றது எனக்குப் புரியுது. ஆனா இதக் கூட்டத்துல காட்டினா ரெண்டே பேச்சுதான் வரும். யாருமே இல்லாத எடத்தக் கும்புட்டு விழுந்தவன் குடிச்சவன்னு பாதிப் பேர் சொல்லுவாங்க. மீதிப் பேர் சொல்றது அதவிட மோசமா இருக்கும். அப்புறம் அவரு கூட மலையேற ஒருத்தரும் வரமாட்டாங்க." போனைத் திருப்பித் தந்தார். "நடைய நான் பாத்துட்டேன். எனக்கு அது போதும். அவங்களுக்கு, அங்க நின்னது என்னன்னு காட்டுங்க. மாடுன்னா மாடு. ஒரு கொம்பு தெரிஞ்சாப் போதும். ஞாயித்துக்கெழம பூஜைல கட்டிரலாம்."

"கொம்பு தெரியலைன்னா?"

அவர் மிஷினை மிதிக்கத் தொடங்கிவிட்டார்.

பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னல் முழுக்க மேகம். வழக்கமாக அதில் விரலால் எதையாவது கிறுக்கிக்கொண்டு வருவேன். அன்றைக்குக் கண்ணாடிப் பக்கம் கையே போகவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மீட்ட துண்டுகளின் பட்டியலை மறுபடி ஓட்டினேன். மாமா விழுந்த நாளின் கேட்டுக் கேமராத் துண்டுகளுக்கு நடுவே, வேறு அளவில், வேறு கோணத்தில் சில துண்டுகள் கலந்து கிடந்தன. கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் இருக்கும் பழைய கேமராவுடையவை. அழிக்காதே என்று குறி போட்ட துண்டுகளுக்கு இடையில் மாட்டிக்கொண்டதால் இவற்றின் மேலும் எதுவும் ஏறவில்லை. அதற்கு விளக்குக் கிடையாது. அதனால் மேகம் அதில் அவ்வளவு வெள்ளையாக விழாது. படம் மங்கலாக, சாம்பலாக இருக்கும். ஆனால் அது கேட்டைப் பக்கவாட்டிலிருந்து பார்க்கிறது. தரையும் தெரியும். நாலு காலா, இரண்டு காலா என்றாவது தெரியும்.

கிளார்க் அண்ணனுக்குப் போன் செய்து, இடம் கிடைத்துவிட்டது, திங்கட்கிழமை காலையில் காலியாகத் தருகிறேன், கேமராவை மேகத்துக்கு ஏற்ற மாதிரி மாற்றியும் தருகிறேன் என்றேன். "அப்ப இன்னைக்கே அழிச்சுர வேண்டியதுதானுங்களே?" என்றார். கொஞ்சம் பாக்கி இருக்கிறது என்றேன்.

நாளை சனிக்கிழமை, எனக்கு லீவு. வெளிச்சம் இருக்கும்போதே உட்கார்ந்து அந்தச் சாம்பல் துண்டுகளை ஒட்டப் போகிறேன். இரண்டு கட்டங்களும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்த அந்தச் சில நொடிகளைத்தான் முதலில் தேட வேண்டும். மாமா தானும் பக்கத்தில் இருப்பேன் என்கிறார். அம்மா வேண்டாம் என்கிறாள். கொட்டகைக் கேமரா பழசு, அதற்குக் கட்டம் போடத் தெரியாது. அங்கே நின்றது யார், எது என்று அது சொல்லித் தராது. நான்தான் கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டும்.