கூடிப்போன ஒரு பன்றி

ஞாயிற்றுக்கிழமை மாலை நாற்பத்தெட்டுப் பன்றிகளை எண்ணினேன். புத்தகத்தில் நாற்பத்தேழு என்று எழுதினேன். எங்களிடம் இருந்தவை நாற்பத்தேழுதான். என் கண் பிழைத்துவிட்டது என்று நினைத்தேன்.

நான் வசிக்கும் ஹம் நகரிலிருந்து ரயிலில் ஐம்பத்திரண்டு நிமிடத்தில் அந்தப் பண்ணையின் ஓக் காடு. தொழிற்சாலையில் ஓய்வு பெற்ற பிறகு வாரத்தில் நான்கு நாள் அங்கே வேலை செய்தேன். இலையுதிர்காலத்தில் ஓக் கொட்டைகள் விழத் தொடங்கியதும், கறுத்த சடைப் பன்றிகளை அங்கே மேய விடுவோம். சுற்றிவர இரட்டை வேலி. காட்டுப்பன்றி ஒன்று புகுந்து ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சலைப் பரப்பினால், முழு மந்தையையும் கொல்ல வேண்டிவரும். அதனால்தான் காலையும் மாலையும் எண்ணுவது.

திங்கள் காலை ஆறு பன்றிகளை இறைச்சிக்கு ஏற்றினோம். அந்த அவசரத்தில் மிச்சத்தை எண்ணவில்லை. மாலையில் நாற்பத்தொன்று நிற்க வேண்டும். மூன்று தரம் எண்ணினேன். மூன்று தரமும் நாற்பத்திரண்டு.

என்னுடன் வேலை செய்த மன்னார் அன்ரனி சிரித்தான். "அண்ணை, உங்களையும் சேர்த்து எண்ணிப்போட்டியளோ?"

"பகிடியை விடும். அந்தக் கடைசி மரத்தடியிலை நிக்கிறதின்ரை மூக்கைப் பாரும்."

பார்த்தான். சிரிப்பு நின்றது. நீண்ட மூக்கு, இளம் காட்டுப்பன்றி. வேலியின் கீழே மண் தோண்டப்பட்டிருந்தது.

பண்ணைக்கார அம்மா உடனே அரச மிருக வைத்தியரை அழைத்தார். அவர் வரவழைத்த வேட்டைக்காரர் ஒருவர் அதைச் சுட்டார். வைத்தியர் இரத்தம் எடுத்துக்கொண்டே கேட்டார்: "எப்போதிருந்து உள்ளே நின்றது?"

அன்ரனி என் காதருகே வந்தான். "புத்தகத்திலை நேற்று சரியாத்தானே கிடக்கு. பேசாம இருங்கோ அண்ணை."

பேசாமல் இருந்தால், காட்டுப்பன்றியோடு ஓரிரவு நின்ற அந்த ஆறும் கடைக்குப் போய்விடும்.

"நேற்று மாலையே நின்றது. நான்தான் ஒன்றைக் குறைத்து எழுதினேன்" என்றேன்.

வைத்தியர் இறைச்சிக்கூடத்துக்குத் தொலைபேசி எடுத்து ஆறையும் நிறுத்திவைத்தார். அம்மா என்னைப் பார்க்காமலே சொன்னார்: "எல்லாவற்றையும் எண்ணுகிற மனுசன் என்றுதானே உம்மை எடுத்தேன்."

முடிவு வர மூன்று நாள் ஆனது. எனக்கு மொத்தமாக ஏழு மணி நேரம்கூட நித்திரை இல்லை. காய்ச்சல் இல்லை என்று வந்தது. மந்தை தப்பியது.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். எண்ணிக்கையில் சந்தேகம் வந்தால் திரும்ப எண்ணுங்கள். எண்ணி முடியும்வரை புத்தகத்தைத் திறக்காதீர்கள்.