ஒரு கோடா, இரண்டு கோடா: கிழக்கு லண்டன் துறைமுக வெளியில் ஒரு காலை

பழைய அமெரிக்கக் காரை வட்டமாகச் சறுக்கவிட இடம் தேடுகிறவர்களுக்கு இந்தக் குறிப்பு அரைவாசிதான் உதவும். 1996 பெப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனது வேடிக்கைக்கு அல்ல. ஒரு மனிதர் சொல்வது உண்மையா என்று பார்க்கப் போனேன்.

அவர் குகன் அண்ணை. லூயிஷாமில் இருந்துகொண்டு கடைகளுக்கு வான் வண்டியில் சாமான் போடுகிறவர். நான்கு வருடங்களுக்கு முன் அவரும் அவருடைய தமையனும் வாடகைக் கராஜ் ஒன்றில் 1969 மொடல் அமெரிக்க வி-எட் காரைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். பின் அச்சில் ஒரு சத்தம். ஒரு பின்சில்லை, அதாவது ஒரு பக்கத்துப் பின் சக்கரத்தை, மட்டும் ஜாக்கில் தூக்கிவிட்டுத் தமையன் கீழே படுத்துக் காது கொடுத்தார். குகன் அண்ணை மேலே இருந்து கியரைப் போட்டார். கார் ஜாக்கிலிருந்து பாய்ந்தது. தமையன் பிழைக்கவில்லை.

"சில்லு அந்தரத்தில நிண்டது தம்பி. அது சும்மா சுத்தியிருக்க வேணும். கார் தானாப் பாஞ்சது" என்பது அவர் கதை. தமையனின் மனைவியோ, "ஜாக்கைச் சரியா வைக்காமல் மிதிச்சுப்போட்டு, பழியைக் காரில போடுறாய்" என்று சொல்லி, அன்றோடு அவருக்குக் கதவைச் சாத்திவிட்டார். மற்றச் சனம் காருக்குள் பேய் என்றது.

எனக்குப் பேய் தெரியாது, டிஃபரென்ஷியல் தெரியும். பின் அச்சின் நடுவிலிருந்து எஞ்சினின் விசையை இரண்டு சில்லுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி அது. சாதாரண டிஃபரென்ஷியல் ஒரு சோம்பேறி. எந்தப் பின்சில்லு இலேசாகச் சுற்றுமோ அதைத்தான் சுற்றும். அந்தரத்தில் இருப்பது சுழலும், தரையில் இருப்பது அசையாது. லிமிட்டட் ஸ்லிப் வகையில், உள்ளே இருக்கும் உராய்வுத் தட்டுகள் இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடிக்கும். ஒன்று அந்தரத்தில் சுழன்றாலும் மற்றது தரையைத் தள்ளும். அப்படி ஒன்று இந்தக் காரில் இருந்தால் குகன் அண்ணை சொல்வது சரி. இல்லையென்றால் அண்ணி சொல்வது சரி.

இரண்டு பின்சில்லையும் தூக்கி, ஒன்றைக் கையால் சுற்றி, மற்றது எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தால் இரண்டு நிமிட வேலை. அவர் விடவில்லை.

"அந்தக் காருக்குக் கீழ இனி ஜாக் போடேலாது. எனக்கு முன்னால ஏலாது."

"அப்ப உங்களுக்குப் பின்னால போடுறன்."

"பகிடி விடாதையும்."

ஆகவே வட்டம். சாதாரண டிஃபரென்ஷியல் உள்ள கார் சறுக்கினால் ஒரு சில்லுதான் தரையைச் சுரண்டும், ஒரு கோடு. லிமிட்டட் ஸ்லிப் என்றால் இரண்டு கோடு.

ஆர்ச்வேயில் 7.25க்கு நொதேர்ன் லைன், லண்டன் பிரிட்ஜில் மாறி 8.20க்கு லூயிஷாம். ஞாயிறு ரயிலை நம்ப வேண்டாம், இருபது நிமிடம் குளிரில் நின்றேன். காரை ட்ரெய்லரில் ஏற்றி வானுக்குப் பின்னால் கட்டினோம், நாள் வாடகை 35 பவுண்ட். பிளாக்வோல் சுரங்கம் வழியாக ஏழு மைல். குகன் அண்ணை வானின் உட்கண்ணாடியைக் கூரைப் பக்கம் திருப்பிவிட்டிருந்தார். என் பக்கக் கண்ணாடியில் கார் தெரிந்தது. சுரங்க வெளிச்சத்தில், ஆளில்லாத அதன் முகம் எங்களைத் துரத்துவதுபோல ஒட்டியே வந்தது.

இடம், கைவிடப்பட்ட துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கொங்கிரீட் வெளி. ஞாயிறு காலைகளில் கார்க்காரர்களுக்கு விடுகிறார்கள், ஒரு காருக்கு 15 பவுண்ட். அன்று தண்ணீரிலிருந்து எழுந்த மூட்டத்தில் முப்பது அடிக்கு அப்பால் ஒன்றும் இல்லை. வேறு ஒருவரும் வரவில்லை என்று வாசல்காரர் சொன்னார். கொங்கிரீட் முழுக்கப் பச்சைப் பாசி. எனக்கு அது வசதி. உருளும் சில்லு பாசியை நசுக்கும், சுழலும் சில்லுதான் சுரண்டி எடுக்கும்.

குகன் அண்ணையை வானுக்குப் பக்கத்தில் நிற்கச் சொல்லிவிட்டு 9.50க்கு ஏறினேன். முறை சுலபம்: ஸ்டீயரிங்கை இடப்பக்கம் முழுக்க ஒடித்து, முதல் கியரில் மிதிக்க வேண்டும். பின்பக்கம் வெளியே போனதும் ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, மிதியை அப்படியே பிடித்தால் போதும். பிறகு கார் தானாகவே சுற்றும். இரண்டாவது சுற்றில் என் கைக்கு வேலையே இருக்கவில்லை. சுற்றியிருந்த வெற்றுக் கிடங்குகளின் சுவர்களில் பட்ட எஞ்சின் சத்தம், இன்னொரு கார் எங்கோ சுற்றுவதுபோலத் திரும்பி வந்தது.

மூன்றாவது சுற்றில் வட்டத்தின் நடுவில் ஒரு ஆள் நின்றார்.

அமெரிக்கக் காரில் ஓட்டுகிறவர் இடப்பக்கம் இருப்பதால் நடு என் யன்னலுக்கு நேரே. கை தொங்க, அசையாமல் நின்றார். நான் எந்தப் பக்கம் போனாலும் அவர் முகம் காரின் பக்கமே இருந்தது. திடீரென்று மிதியை விட்டால் கார் அவர்மேல் போகலாம். மெல்ல விட்டு, இன்னும் ஒன்றரைச் சுற்றுப் போய் நிறுத்தினேன். குகன் அண்ணைதான்.

"விசரே உங்களுக்கு?"

"நடுவில நிண்டாத்தான் சில்லு தெரியும்."

"சில்லு தெரியும். பிறகு ஒண்டும் தெரியாது."

அவர் தரையைப் பார்த்தார். பச்சைப் பாசியில் அருகருகே இரண்டு வெள்ளை வளையங்கள். ஐயத்துக்கு இடமே இல்லை.

"முடிஞ்சுது அண்ணை. பேயும் இல்லை, உங்கட பிழையும் இல்லை. லிமிட்டட் ஸ்லிப். கார்தான் பாஞ்சது. அண்ணிக்கு நான் எழுதித் தாறன்."

மனிதர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் வெள்ளைக் கோட்டின்மேல் கால் வைத்து வட்டம் முழுவதும் நடந்து வந்தார்.

"இது காரோட வந்த அச்சில்லை, தம்பி. பழசு உடைஞ்சு போச்சு. ஸ்க்ராப் யாட்டில இதைக் கண்டு நான்தான் கொண்டுவந்தனான். போட முதல் திறந்து பாப்பம் எண்டு என்ர அண்ணை சொன்னவர். எல்லாம் ஒண்டுதானே, நேரமில்லை எண்டு நான்தான் சொன்னனான்."

திறந்திருந்தால் உராய்வுத் தட்டுகளைக் கண்டிருப்பார்கள். காரின் பொனற் மூடியில் குறிப்புப் புத்தகத்தை வைத்து, கார் ஏன் பாய்ந்தது என்று மூன்று வரி எழுதிக் கொடுத்தேன். வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"அச்சுக் கதையையும் எழுதும்."

"அது அவவுக்குத் தெரியாதுதானே. இப்பதான் தப்பியிருக்கிறீங்கள்."

"எழுதும்."

எழுதினேன்.

அன்று பின்னேரமே வெஸ்ட் ஈலிங்கில் அண்ணியின் வீட்டுக்குப் போனாராம். அண்ணி கடிதத்தை வாசலில் நின்றே வாசித்தார், மடித்தார், கதவைச் சாத்தினார். "நாலு வருஷத்தில முதல்தரம் கதவைத் திறந்தவ" என்று போனில் சொன்னார் குகன் அண்ணை.

போகிறவர்களுக்கு: மூட்டம் இருந்தால் திரும்பிவிடுங்கள், 15 பவுண்ட் போனால் போகட்டும். கூட வருகிறவரை வானுக்குள் இருத்திப் பூட்டுங்கள், சொன்னால் கேட்பார் என்று நம்பாதீர்கள். ஒரு பின்சில்லை மட்டும் தூக்கிவிட்டு எந்தக் காரிலும் கியர் போடாதீர்கள். பழைய அச்சு வாங்கினால், காரில் பூட்டுவதற்கு முன் அதன் பின்மூடியைக் கழற்றி உள்ளே பாருங்கள். பத்து போல்ட், அரை மணி நேரம்.