மலை வேஷத்துக்கு ஆள் தேவை

தொண்டை கிழியக் கத்துகிறவர்தான் நன்றாகப் பாடம் நடத்துகிறார் என்று ஊரே நம்புகிற தொழில், நம்முடைய ஆரம்பப் பள்ளி ஆசிரியர் தொழில். சாக்பீஸ் தூளைத் தின்று வயிறு வளர்த்த சகோதர சகோதரிகளே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் தென்காசியில், குத்துக்கல்வலசை போகும் பாதையில் இருந்த ஒரு பெண்கள் பள்ளியில் எனக்கு மூன்றாம் வகுப்பு. கல்யாணமான மறுவருஷமே கணவரைப் பறிகொடுத்து, அழுது முடித்து, பாளையங்கோட்டையில் பயிற்சியும் முடித்து வந்தவள் நான். தென்காசியில் அத்தை வீட்டில் இருந்தேன். கடையத்தில் இருந்த அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்: இன்ஸ்பெக்‌ஷன் வரைக்கும் பார்ப்பார், வேலை நிரந்தரமானால் சரி, இல்லாவிட்டால் வண்டி கட்டிக்கொண்டு வந்து கூட்டிப் போய்விடுவார். போனால் மிச்ச ஆயுளுக்கும் அடுப்படிதான். எனக்கு அதில் துளியும் விருப்பமில்லை.

நிரந்தரம் செய்ய வேண்டியவர் பள்ளியை நடத்திய அண்ணாச்சி. நிறைய நிலபுலன் உள்ளவர். பிள்ளைகள் கைகட்டி உட்கார்ந்து ஒப்பித்தால் அது படிப்பு, எழுந்து நின்றால் கூத்து என்பது அவர் கட்சி. நானோ நாடகமும் படமும் இல்லாமல் எந்தப் பாடத்தையும் தொடுகிறவள் இல்லை. எங்கள் இருவருக்கும் எப்படி ஒத்துப்போயிருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

களத்துமேட்டுக் கணக்கு

நாழி, மரக்கால், கோட்டை என்று முகத்தல் அளவை நடத்த வேண்டும். வாய்ப்பாட்டை ஒப்பிக்கவைத்தால் பிள்ளைகள் கிளி மாதிரி சொல்லிவிட்டு மதியத்துக்குள் மறந்துவிடுவார்கள். அதனால் வகுப்பையே களத்துமேடாக்கினேன். ஆற்று மணல்தான் நெல். என் நாற்காலியில் நிலக்காரராக உட்கார்ந்தவள் பேச்சி. கீழப்பாவூர்ப் பிள்ளை, அண்ணாச்சி வயலில் வேலை பார்த்த தாய்மாமன் வீட்டில் தங்கிப் படித்தாள். கீழே குத்தவைத்து ஆட்களுக்குக் கூலி நெல் அளந்தவள் கோமதி, அண்ணாச்சியின் கடைசி மகள். "லாபம், ரெண்டு, மூணு" என்று முறைப்படி எண்ணினாள். களத்தில் முதல் மரக்காலை 'ஒன்று' என்று சொல்லக்கூடாது, 'லாபம்' என்றுதான் தொடங்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

அந்த நேரம் பார்த்து அண்ணாச்சி வாசலில் வந்து நின்றார். "டீச்சரம்மா, எம்மவ கீழ இருக்கா, வேலக்காரன் மருமவ நாற்காலில இருக்கா. இது என்ன பாடம்?" என்றார். "அளவைப் பாடம் அண்ணாச்சி. நாளைக்கு இடம் மாறி உட்காருவாங்க" என்றேன். குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டேன். அவர் பார்வை மகள் அளப்பதில் நின்றது. அவள் ஒவ்வொரு மரக்காலையும் உள்ளங்கையால் தலைதட்டி மட்டமாக்கி, ஒரு மணிகூட அதிகம் போகாமல் அளந்துகொண்டிருந்தாள். அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. அதற்குள் நாற்காலியிலிருந்து நிலக்காரர் அதட்டினார்:

"ஏட்டி கோமதி, கூலி நெல்லத் தட்டாத. கும்பாரமாப் போடு. அவுக வீட்டுலயும் பிள்ளைக இருக்கும்லா!"

நடக்க முடியாத ஊர்

அடுத்தது பூகோளம். பள்ளியில் இருந்த தேசப்படம் கறையான் தின்று இலங்கை மட்டும் மிச்சம் இருந்தது. சாணி மெழுகிய வகுப்புத் தரையில் எங்கள் சுற்றுவட்டாரத்தையே கோலமாகப் போட்டோம். மலைக்குச் செம்மண், சிற்றாற்றுக்கு அரிசி மாவு, ஊர்களுக்கு மஞ்சள். வயல்களுக்கு ஆவாரை இலையைக் காயவைத்து இடித்த பச்சைப் பொடி. பாதைகளுக்குக் கரித்தூள். இழை பிசகாமல் பிள்ளைகள் போட்ட கோலத்தைப் பார்த்து எனக்குத் தலைகால் புரியவில்லை. இனி பூகோளம் ஒரு பாடமா என்று நினைத்துக்கொண்டேன்.

"சரி, தென்காசியில் புறப்பட்டுக் கடையம் வரைக்கும் நடந்து காட்டுங்க" என்றேன். ஒருத்தி அசையவில்லை. அதட்டினேன், கெஞ்சினேன், நானே காலைத் தூக்கினேன். வகுப்பு முழுக்க "ஐயையோ" என்று அலறியது. கோலத்தைப் போய்க் காலால் மிதிப்பதா? வீட்டில் அம்மாவிடம் யார் வாங்கிக் கட்டிக்கொள்வது? பாளையங்கோட்டையில் எனக்குச் சொல்லிக்கொடுத்த எந்த முறையிலும் இதற்கு மருந்து இல்லை. அண்ணாச்சி வேறு ஜன்னல் வழியே பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். கடைசியில் கோமதி எழுந்து, எனக்கு ஏன் இது தோன்றவில்லை என்கிற பார்வையோடு சொன்னாள்:

"ரோட்டுல யாரு டீச்சர் கோலம் போடுவா? அத மட்டும் கூட்டி வெறுந்தரையா விடுங்க, நடக்கோம்."

சாரல் காலத்து விருந்தாளி

குற்றாலத்தில் சாரல் கட்டியதும் மேலதிகாரிகளுக்கு ஆரம்பப் பள்ளிகள் மீது ஒரு பாசம் பொங்குமே, அதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வெயில் காலத்தில் எட்டிப் பார்க்காதவர்கள், அருவியில் தண்ணீர் விழுகிறது என்று கேள்விப்பட்டதும் இன்ஸ்பெக்‌ஷனுக்கு நாள் குறிப்பார்கள். எங்களுக்கு வந்த இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் மதராஸ்காரர். ஐந்தருவியில் குளித்த ஈரத்தலையோடு வந்தார். கோலத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினார். பிள்ளைகள் காட்டிய கடையம் ரோடு வழியாகவே நடந்து, அந்தப் பக்கம் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அண்ணாச்சி சுவரோரமாக, கைகட்டி நின்றார்.

முதல் கேள்வி சுலபமானது. "வானத்தில் எத்தனை சூரியன்?" வகுப்பே ஒரே குரலில் கத்தியது: "லாபம்!" அம்மாளின் புருவம் மேலே போனது. என் வேலையும் அதோடு போயிற்று என்று நினைத்தேன். அப்போது நான் எதிர்பார்க்காத இடத்திலிருந்து உதவி வந்தது. அண்ணாச்சியால் பொறுக்க முடியவில்லை. களத்துமேட்டு வழக்கத்தைக் குற்றம் சொல்வதாக அவர் நினைத்துவிட்டார். "பிள்ளைக சரியாத்தாம்மா சொல்லுது. முத எண்ணிக்கைய லாபம்னுதான் சொல்லணும். ஒண்ணுன்னு சொன்னா வெளங்குமா?" என்று ஆரம்பித்து, அளப்பதைப் பற்றி ஒரு பாடமே நடத்தினார். அம்மாள் ஆர்வமாகக் கேட்டுக்கொண்டார்.

அடுத்தது, சாரல் எப்படி வருகிறது என்ற நாடகம். மலையாக நிற்க வேண்டிய நெட்டைப் பிள்ளை காய்ச்சலில் படுத்துவிட்டாள். மலை இல்லாமல் சாரல் ஏது? ஆள் தேடி வாசல் பக்கம் பார்த்தேன். அங்கே என் அப்பா நின்றிருந்தார். என்னைப் போகச் சொல்லத்தான் போகிறார்கள் என்று முடிவு கட்டி, காலையிலேயே வண்டியோடு வந்துவிட்டார். நான் வாய் திறப்பதற்குள் பேச்சி ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். "தாத்தா, நீங்க மலை. கைய ரெண்டு பக்கமும் நீட்டிக்கிடுங்க. அசையக்கூடாது" என்றாள். கடையத்தில் நாலு பேருக்கு நியாயம் சொல்கிற என் அப்பா, அப்படியே நின்றார்!

மேகங்கள் ஆளுக்கொரு செம்புத் தண்ணீரோடு மலையாளத்துப் பக்கமிருந்து ஓடிவந்தன. அப்பா மீது மோதி, பாதித் தண்ணீரை அவர் வேட்டியில் கொட்டின. செங்கோட்டைக் கணவாயான அவர் கையிடுக்கில் நுழைந்து, குற்றாலத்திலும் தென்காசியிலும் தெளித்தன. "கீழப்பாவூருக்கு ஏன் இந்த அளவு சாரல் இல்லை?" என்று அம்மாள் கேட்டார். பேச்சி மேகங்களை முறைத்தாள். "கொண்டாந்த தண்ணியெல்லாம் வாற வழியிலயே ஊத்திட்டாளுவ. எங்க ஊருக்கு வரையில வெறுஞ்செம்புதான் வருது" என்றாள். அம்மாள் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "இந்த டீச்சரை எங்கேயும் விட்டுவிடாதீர்கள்" என்று அண்ணாச்சியிடம் சொன்னார். அண்ணாச்சி கொஞ்சமும் கூசாமல் பதில் சொன்னார்:

"நல்லாருக்கே! அவுகள நிரந்தரம் பண்ணணும்னு நான் அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்லா!"

வண்டி கட்டி வந்தவர்

அம்மாள் புறப்பட்டுப் போனார். அவரை வழியனுப்ப அண்ணாச்சியும் போனார். நான் திரும்பிப் பார்த்தால் அப்பா இன்னும் கையை நீட்டியபடி நிற்கிறார். வேட்டி நனைந்து காலோடு ஒட்டியிருக்கிறது. "அப்பா, வேலை நிரந்தரமாயிட்டு" என்றேன். கணவர் போன பிறகு நான் சந்தோஷத்தில் அழுதது அன்றைக்குத்தான். அப்பா என் முகத்தைப் பார்க்காமல் பேச்சியைக் கேட்டார்: "ஏட்டி, மழ விட்டுட்டா? நான் கைய எறக்கலாமா?" அவள் பெரிய மனசு பண்ணி அனுமதித்தாள்.

அப்பா வேட்டியைப் பிழிந்துகொண்டே வாசலுக்குப் போனார். என்னை அவர் ஏட்டி என்பார், கோபம் வந்தால் மூதி என்பார், பிரியம் வந்தால் தாயி என்பார். வண்டிக்காரனிடம் அன்றைக்கு அவர் சொன்னது எனக்கு இன்றும் காதில் இருக்கிறது:

"வண்டியத் திருப்புலே. டீச்சர் வரல."

பாடத்தோடு நாடகத்தைக் கலப்பதில் பிள்ளைகளால் ஒரு கஷ்டமும் இல்லை, சக ஆசிரியர்களே. ஒரு தடவை மலையாக நின்றுவிட்ட அப்பா வருஷா வருஷம் சாரலுக்கு வண்டி கட்டிக்கொண்டு வந்து, மலைக்கு ஏன் ஒரு வசனம்கூட இல்லை என்று சண்டை பிடித்ததைச் சமாளிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.