மன்னிப்புக்கு மூன்று அளவு

நீலசந்திரா மல்லிகேஸ்வரிக்குச் சாப்பாடு டெலிவரி கம்பெனியில் போனில் மன்னிப்புக் கேட்கிற வேலை. பத்து நிமிடம் தாமதமானால் 'சாரி', சாம்பார் கொட்டினால் 'அபாலஜைஸ்', சாப்பாடு வராமலே போனால் 'ரிக்ரெட்'. மாற்றிச் சொன்னால் சூப்பர்வைசர் கத்துவார். மன்னிப்புக்குக்கூட அளவு வைத்த மகராசர்கள்!

அக்கா மகளின் காதுகுத்துக்கு, லீவு இல்லையென்று இவள் போகவில்லை. ஒரு வாரமாக அக்கா பேசவில்லை. சிவாஜிநகர் பஸ்ஸில் மூன்று சொல்லையும் மாறிமாறி மெசேஜில் அடித்து அழித்தாள். எதுவும் பொருந்தவில்லை. இருப்புக் கொள்ளாமல் பாதி வழியிலேயே இறங்கி, போன் போட்டாள்.

அக்கா எடுத்தாள். இவள் வாய் வேலைப் பழக்கத்தில் ஓடியது.

"வி ரிக்ரெட் தி இன்கன்வீனியன்ஸ், மேடம்."



"சரிங்க மேடம்," என்றாள் அக்கா. "என் கம்ப்ளைன்ட் நம்பர் என்னன்னு சொல்லுங்க."