இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்க

கத்தியைப் பிடிப்பது டாக்டர் வேலை. அதற்கு முன்னால் பெற்றவர்களைப் பயமுறுத்திக் கையெழுத்து வாங்குவது சிஸ்டர் வேலை. கள்ளக்குறிச்சிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில், குழந்தைகள் வார்டில், இருபது வருஷம் நான் அந்த வேலையைப் பார்த்தேன். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நீங்கள் எப்போதாவது காத்து நின்றிருந்தால், என்னைப்போல ஒருத்தியை மனசுக்குள் திட்டியிருப்பீர்கள். தப்பே இல்லை.

ஒப்பித்தல்

வேலைக்குச் சேர்ந்த புதிது. கல்வராயன் மலையிலிருந்து ஒருவர் குடலிறக்க ஆபரேஷனுக்காக மூன்று வயது மகளைக் கூட்டிவந்திருந்தார். படிவத்தில் இருந்ததை ஒரே மூச்சில் ஒப்பித்தேன்: மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாமல் போகலாம், மூச்சுத் திணறலாம், ரத்தம் அதிகம் போகலாம், தையல் சீழ் பிடிக்கலாம், அபூர்வமாக உயிரே போகலாம். அதே வேகத்தில் மைப்பெட்டியையும் நீட்டினேன். அவர் கட்டைவிரலை மடக்கிக்கொண்டார். மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு கேட்டார்: "இதெல்லாம் ஆவக்கூடாதுன்னு சொல்றீங்களா, இல்ல நீங்க பண்ணப்போறதே இதானாங்க?"

வெறும் வயிறு

மணலூர்பேட்டைப் பக்கம் கரும்பு வெட்டப் போகும் அம்மா ஒருத்தி. மகளுக்கு மறுநாள் காலை ஆபரேஷன். "காலையில சோறு குடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு நான் என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். மறுநாள் பார்த்தால் குழந்தையின் வாயோரம் பன் துணுக்கு. ஆபரேஷன் தள்ளிப்போனது. மயக்க டாக்டர் வராந்தா முழுக்கக் கேட்கும்படி "படிக்காத ஜனங்க" என்று கத்தினார். படித்தவளான நான் வாயைத் திறக்கவில்லை.

அவர் போன பிறகுதான் காரணத்தையே சொன்னேன். மயக்கத்தில் வாந்தி வந்தால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும், பிள்ளை செத்தே போகலாம் என்று. அந்த அம்மா குழந்தையின் வாயோரத்தை முந்தானையால் துடைத்தாள். "இத நேத்தே சொல்லியிருந்தா, அது அழுது பொரண்டிருந்தாலும் பச்சத்தண்ணி குடுத்திருக்க மாட்டனே சிஸ்டர். சோறுன்னீங்க, நானும் சோறு குடுக்கல."

சாயம்

திருக்கோவிலூர் ஜவுளிக்கடை பாய் ஒருவர், மகளின் டான்சிலுக்காக வந்திருந்தார். டாக்டர் அவர் தோளைத் தட்டி, "சின்ன ஆபரேஷன் பாய், ஒண்ணும் ஆவாது" என்றார். அடுத்த நிமிஷம் நான் நாலு பக்கப் படிவத்தை நீட்டினேன். நாலு பக்கத்திலும் என்னென்ன ஆகும் என்றுதான் இருந்தது. ஒரு வரி விடாமல் என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, பாய் டாக்டரைப் பார்த்துச் சிரித்தார். "சாயம் போவாதுன்னு நானும் வாயாலதான் சொல்வேன் டாக்டர். பில்லுக்குப் பின்னால வேற மாதிரி அச்சடிச்சிருக்கும்."

அப்பா கையெழுத்து

மலையிலிருந்து ஒரு பெண் கைக்குழந்தையோடு தனியாக வந்தாள். குழந்தைக்குக் குடலுக்குள் குடல் சொருகிக்கொண்டு, வயிறு கல்லாக உப்பி, ரத்தமாகப் போய்க்கொண்டிருந்தது. புருஷன் கேரளாவில் மிளகுத் தோட்டத்தில், போன் எடுக்கவில்லை. "அப்பா கையெழுத்து இல்லாம தொட முடியாது" என்றார் டியூட்டி டாக்டர். எந்தச் சட்டத்தில் அப்படி இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனாலும் இரண்டு பேரும் ஒரு மணி நேரம் போனையே முறைத்துக்கொண்டிருந்தோம்.

எனக்குப் பொறுக்கவில்லை. படிவத்தை ஓரமாக வைத்துவிட்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். "பண்ணலன்னா குடல் அழுகிடும், புள்ள போயிடும். பண்ணாலும் பொழைக்காம போவலாம். ஆனா பண்ணாத்தான் பொழைக்க வழியே இருக்கு." எங்கே கிழிப்பீர்கள் என்று கேட்டாள். குழந்தையின் வயிற்றில் விரலால் கோடு போட்டுக் காட்டினேன். பிறகு எழுந்துபோய் டாக்டர் முன்னால் கட்டைவிரலை நீட்டினாள்.

குழந்தை பிழைத்தது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மறுபடியும் 'அப்பா கையெழுத்து' என்று ஆரம்பித்த டாக்டரை, மைப்பெட்டியைத் தானே எடுத்து நீட்டவைத்தது அவள் கேட்ட கேள்விதான்: "இதப் பெக்க நான் வலிச்சிக்கினு கெடக்கசொல்ல அந்தாளு கையெழுத்த யாரும் கேக்கலியே, இப்ப மட்டும் இன்னாத்துக்குங்க?"

இருபது வருஷத்தில் நான் வாங்கிய ஒவ்வொரு கையெழுத்துக்கும் மேலே, 'எல்லாம் என் தாய்மொழியில் எனக்குப் புரியும்படி விளக்கப்பட்டது' என்று ஒரு வரி அச்சாகியிருக்கும், ஆங்கிலத்தில்.